படியாத வெள்ளை

பாங் ஷோயீ தினமும் எல்லோருக்கும் முன்பாகப் பட்டறைக்கு வந்துவிடுவார். இதை வைத்து அவரைப் பெரிய உழைப்பாளி என்று நினைத்தவர்கள் சீனாவின் ஃபுயாங் ஊர் ஆற்றங்கரைத் தெருவில் நிறையப் பேர். வாயிற்காவலர் குவோ நினைத்தார். எதிர்ச்சாரிப் பட்டறைக்காரர்கள் நினைத்தார்கள். முதலாளி தௌ ஆண்டு விருந்தில் மஞ்சள் மதுக் கோப்பையோடு எழுந்து நின்று, நம் பாங்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று வருடம் தவறாமல் சொல்வார். நம்மாள் அப்போது அடக்கமாக ஒரு சிரிப்புச் சிரிப்பார் பாருங்கள், பார்க்கச் சகிக்காது.

அவ்வளவு விடியலில் வந்து அவர் வெட்டி முறித்தது என்ன? வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் வரிசையாகப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் பட்டறை செய்து விற்கும் மீயொலிக் கலக்கி இயந்திரத்தில் கலந்த ஏதோ ஒரு திரவம்: எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து பாலாகிப்போனது, கரித்தூள் மை, மூலிகைச் சாறு, வெள்ளைச் சாயம். கழுத்தில் தொங்கும் அட்டையில் கலந்த ஆண்டு. சில அட்டைகள் பழுத்தே போயிருந்தன. அலமாரியின் தலையில், 'எங்கள் இயந்திரம் கலந்தது பிரியாது' என்று சிவப்பில் கொட்டை எழுத்து. பாங் அறைக்கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு, அந்தப் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்து, நிமிர்த்தி, அடியில் படிந்ததெல்லாம் மேலே வரும்வரை குலுக்கி, கைரேகையைத் துணியால் துடைத்து, அட்டை முன்பக்கம் தெரியும்படி திரும்ப வைப்பார். பிறகு தேநீர்க் குடுவையைத் திறந்து உட்கார்ந்துவிடுவார். குலுக்கினால் நுரை வரும். வாடிக்கையாளர்கள் வருவதற்குள் அந்த நுரை அடங்கியாக வேண்டும். அவர் சூரியனை முந்திக்கொண்டு வந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

மனிதன் கையால் குலுக்க வேண்டாம் என்பதற்காகக் கண்டுபிடித்த இயந்திரம் அது. அதை விற்பதற்காக ஒரு மனிதர் ஆயுளெல்லாம் கையால் குலுக்கிக்கொண்டிருந்தார். இதில் அவருக்கு வெட்கம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. வசந்தப் பண்டிகைக்கு மனைவியின் ஊருக்குப் போனால், விடுமுறை முடிவதற்கு முன்பே அவசர ரிப்பேர் என்று சொல்லிவிட்டு ஒருவராகத் திரும்பி வந்துவிடுவார். ஒரு வாரம் கைபடாத அலமாரி எப்படி இருக்கும் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்: மேலே தெளிந்த தண்ணீர், அடியில் சேறு.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. அது நல்ல இயந்திரம். டைட்டானியத்தில் கடைந்த ஒரு கோல், காதுக்கு எட்டாத வேகத்தில் அதிரும். அதன் நுனியைத் திரவத்தில் முக்கினால், அந்த அதிர்வில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் கோடிக்கணக்கில் பிறந்து, பிறந்த கையோடு உள்ளுக்குள் நொறுங்கும். அந்த நொறுங்கலில் எண்ணெய்த் துளி ஆயிரம் துளியாகச் சிதறும். தூளின் கட்டிகள் உடைந்து தனித்தனி மணியாகும். ஆனால் உடைப்பது ஒரு வேலை, உடைந்ததைச் சேரவிடாமல் காப்பது வேறு வேலை. இரண்டாவது வேலையை அந்தக் கோல் செய்யாது. உடைந்த துகள்கள், சண்டை ஓய்ந்த பங்காளிகளைப் போல, கொஞ்ச நாளில் மறுபடி ஒட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒட்டாமல் தடுக்க, விலக்கு மருந்து என்று ஒன்றைக் கூடவே சேர்க்க வேண்டும். தொழிலில் இருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பாங்குக்கும் இது நன்றாகத் தெரியும். ஆனால் அலமாரி வேறு மாதிரி சொன்னது, அவர் அலமாரியின் பக்கம் நின்றார்.

இதெல்லாம் தொடங்கியது ஒரு சாதாரண நாளில். பட்டறை தொடங்கிய புதிதில் முதலாளி தௌ ஒரு பாட்டிலைக் கலக்கி மேசைமேல் வைக்கச் சொன்னார். சில நாள் கழித்து வாடிக்கையாளர்கள் வந்து வாசலில் இறங்கும் நேரத்தில் பாங் பார்த்தால், பாட்டிலில் இருந்தது இரண்டாகப் பிரிந்து கிடந்தது. எடுத்துக் குலுக்கினார். வந்தவர்கள் வியந்தார்கள், இயந்திரம் வாங்கினார்கள். முதலாளி மகிழ்ந்துபோய் ஒரு அலமாரியே செய்துகொடுத்தார். தௌவுக்கு விஷயம் தெரியுமா என்றால், அவர் காலை ஒன்பது மணிக்கு முன்னால் பட்டறைப் பக்கம் வந்ததே கிடையாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது.

அலமாரி வந்தபிறகு பாங்கின் நடையே மாறியது. வெறும் கடைசல்காரராக வந்தவர், செயல்விளக்க நிபுணர் ஆனார். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மிளகாய் எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி, கோலை இறக்கி, நிமிடத்தில் இளஞ்சிவப்புப் பாலாக்கிக் காட்டுவார். கேள்வி கேட்பவர்களை அவருக்குப் பிடிக்காது. யாராவது, இது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால், வாயைத் திறக்காமல் அலமாரியைக் கைகாட்டுவார். கேட்டவர் விலை விசாரிக்கத் தொடங்குவார். அவர்கள் வண்டியேறிப் போனதும், மண்ணாந்தைகள் என்று சொல்லிக்கொண்டு கோட்டைக் கழற்றி மாட்டுவார். தன்னை நம்பியவர்களை ஏளனம் செய்யும் மனிதர்கள் உண்டு. அவர்களில் இவர் முதல் வரிசை.

வீட்டில் மனைவி மெய்ஃபென் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷனைப் பற்றி அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை. சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வருகிற ஒரு ஆள், அவ்வளவுதான். பெருமைப்பட்டவள் ஒருத்திதான், மகள் ருய். பள்ளி விடுமுறையில் அவளைப் பட்டறைக்குக் கூட்டிப் போவார். சிறுமி கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பாட்டில்களைப் பார்ப்பாள். தான் பிறந்த ஆண்டு எழுதிய பாட்டில் ஒன்று இருந்தது. அது இன்னும் பிரியாமல் இருப்பதை வகுப்பில் போய்ச் சொல்வாள். பாங் இதைக் கேட்டுப் பூரித்துப் போவாரே தவிர, பிள்ளையிடமாவது உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றியதே இல்லை.

ருய் வளர்ந்து, ஷாவ்ஷிங்கில் ஒரு பூச்சுத் தொழிற்சாலையில் கலவைப் பகுதியில் சேர்ந்தாள். காகித உணவுப் பெட்டிகளின் உள்பக்கம் பூசும் வெள்ளையை அங்கே தயாரித்தார்கள். ஜப்பானிலிருந்து ஒரு பெரிய வாங்குநர் வந்தார். பெட்டியில் சோறு வைத்துச் சாப்பிடுகிறவர்கள் குழந்தைகள். அதனால் பூச்சில் வெள்ளைத்தூள், தண்ணீர், தாவரப் பசை தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னார். விலக்கு மருந்து இல்லாமல் வெள்ளை நிற்காது, முடியாது என்று எழுதி அனுப்பிவிடலாம் என்றார் பிரிவுத் தலைவர் மோ. ருய் எழுந்து, முடியும் என்றாள். என் அப்பாவின் அலமாரியில் பல வருடமாக நிற்கிறது, வந்து பாருங்கள் என்றாள். மோவுக்கும் மேலே இருந்த மேலதிகாரிக்கு ஆசை வந்துவிட்டது. இதை நடத்திக் காட்டினால் கலவைப் பகுதி முழுக்க உன் பொறுப்பு, நடக்காவிட்டால் இங்கே உனக்கு வேலையில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

அவர்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள். வந்து இறங்கியவர்களில் மகளும் இருப்பதைப் பாங் எதிர்பார்க்கவில்லை. ருய் எல்லோருக்கும் கேட்கும்படி, இவர்தான் என் அப்பா என்றாள். மோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அலமாரியை வெகுநேரம் பார்த்தார். வெள்ளைப் பாட்டிலில் அடிப்படிவு கிடக்கிறதா என்று குனிந்தும் பார்த்தார். காலையில்தான் குலுக்கியிருந்தது. என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார். தூளும் தண்ணீரும்தான் என்றார் பாங். மகளைத் தனியாக அழைத்துப்போய் இரண்டு வார்த்தை சொல்ல அன்றைக்கு நேரம் இருந்தது. மதியச் சாப்பாட்டில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் மூங்கில்குருத்தும் பன்றியிறைச்சியும் போட்ட கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளி, நன்றாகச் சாப்பிடு என்றார். அவளுக்காக அவர் செய்தது அவ்வளவுதான்.

இயந்திரம் ஷாவ்ஷிங்குக்குப் போனது. முதல் கலவை, பார்த்தால் கண் கூசும் வெள்ளை. ருய் அம்மாவுக்குப் படம் அனுப்பினாள். வாரம் முடிவதற்குள் தொட்டியின் அடியில் வெள்ளைச் சேறு கட்டி, பூச்சுக் குழாய்கள் அடைத்துக்கொண்டன. மறுபடி கலந்தார்கள், மறுபடி படிந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். மெய்ஃபென் ஊறுகாய்க் கீரை போட்ட நூடுல்ஸ் வைத்தாள். ருய் குச்சியைத் தொடவில்லை.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க. அலமாரில இருக்கற அந்த வெள்ளப் பாட்டில்ல தூளும் தண்ணியும் தவிர வேற ஏதாவது கலந்திருக்கா?"

"ஒண்ணும் இல்ல."

"இருந்தா சொல்லிடுங்க, எனக்குக் கோவமே வராது. நான் நாளைக்கே போயி, மோ சொன்னதுதான் சரி, நான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடறேன். உணவுல சேர்க்கக்கூடிய மருந்து ஒண்ணு இருக்காம், அதப் போட்டுக்கலாமான்னு வாங்கறவர்கிட்ட கேக்கலாம்னு மோவே சொல்றாரு. இப்பப் போயிக் கேட்டா அவரும் ஒத்துக்குவாரு, என் வேலயும் தப்பிச்சுக்கும். இன்னொரு தடவ கெட்டுதுன்னா யாரும் என்ன மதிக்க மாட்டாங்க."

எவ்வளவு வழி விட்டுக் கேட்டாள் பாருங்கள். தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்வதாகக்கூடச் சொன்னாள். பாங்குக்கு வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்தால் போதும். ஆனால் அந்த வாக்கியம் வந்தால் அலமாரி போய்விடும், வெள்ளைக் கோட்டுப் போய்விடும், ஆண்டு விருந்தில் கோப்பை தூக்குவது போய்விடும். அதைவிட முக்கியம், மகள் முகத்தில் இத்தனை வருடம் பார்த்துப் பழகிய அந்த மரியாதை போய்விடும். அந்த மரியாதையைக் காப்பாற்ற மகளையே விற்கிறோம் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல," என்றார். "உங்க ஆளுங்க அவசரப்படறாங்க. நேரம் பத்தல. பவர ஏத்து, நிறுத்தாம ஓடவிடு. அப்பறம் பாரு."

மெய்ஃபென் அடுப்படியிலிருந்து புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு இயந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த மனிதர் குரலைத் தெரியும். ருய் தலையாட்டினாள். ஆறிப்போன நூடுல்ஸைக் கடகடவென்று சாப்பிட்டுவிட்டு, தெம்பாகவே கிளம்பினாள். தெருமுனைவரை கூடப்போய்ப் பேருந்து ஏற்றிவிட்டு வந்த பாங், மெய்ஃபென் ஏதோ கேட்க வாயெடுத்ததும், தூக்கம் வருகிறது என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

அப்பா சொன்னபடியே அவள் பவரை ஏற்றினாள். ஓட்டி நிறுத்தி, ஓட்டி நிறுத்தி வேலை வாங்க வேண்டிய கோலை, இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடவிட்டாள். திரவம் சூடேறியது. குமிழிகள் தூளை மட்டுமா தின்னும்? கோலின் நுனியையும் தின்றன. நுனி அம்மை போட்ட முகமாகிப் பொரிந்து, உலோகப் பொடி கலவையில் இறங்கியது. தொட்டியைத் திறந்தபோது வெள்ளை இருந்த இடத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒன்று நின்றது. அதுவும் படியத்தான் செய்தது. மோ வெள்ளை பூசிய பழைய பெட்டியையும் இந்தக் கலவை பூசிய புதிய பெட்டியையும் மேசைமேல் அருகருகே வைத்தார். ஜப்பான்காரர் விலகிக்கொண்டார்.

அப்போதும் ருய் விடவில்லை. தப்பு என் கையில்தான் இருக்க வேண்டும், அப்பா செய்தால் நிற்கிறது, அவரையே வரவழைக்கிறேன் என்றாள். மேலதிகாரி கடைசியாக ஒரு முறை ஒப்புக்கொண்டார். அவள் தொலைபேசியில் கூப்பிட்டபோது பாங்குக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரக்கூட முடியவில்லை, பேருந்தில் உட்கார முடியாது, டாக்டர் அசையக்கூடாது என்கிறார் என்று முனகினார். டாக்டரை அவர் பார்க்கவேயில்லை. மெய்ஃபென் நம்ப வேண்டுமே என்று மருந்துக்கடையில் வலிக்கு ஒட்டும் மருந்துப் பட்டி ஒன்று வாங்கி முதுகில் ஒட்டிக்கொண்டார். மறுநாள் விடியலில் அந்தப் பட்டியோடு பட்டறைக்குப் போய், வழக்கம்போல ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்து நிமிர்த்தினார். அந்த வேலைக்கு மட்டும் இடுப்பு நன்றாகவே வளைந்தது.

ருய் ஒரு முடிவுக்கு வந்தாள். அப்பாவால் வர முடியாவிட்டால் பாட்டிலையாவது கொண்டுபோய்க் காட்டுவது. தொழிற்சாலையின் காலைக் கூட்டத்தில் அதை மேசைமேல் வைத்துவிட்டால், இது முடியாத காரியம் இல்லை என்றாவது நிரூபணமாகும். வேலை போனாலும் பொய் சொன்னவள் என்ற பெயர் மிஞ்சாது. பின்னிரவுப் பேருந்தில் ஏறி, விடியும் நேரத்துக்குப் பட்டறைக்கு வந்தாள். குவோவுக்கு அவளைச் சிறு வயதிலிருந்தே தெரியும். "உங்கப்பா வந்து நேரமாச்சு, உள்ளதான் இருக்காரு, போம்மா," என்று கேட்டைத் திறந்துவிட்டார். இடுப்பு பிடித்துப் படுக்கையில் கிடப்பவர் எப்படி வந்தார் என்று யோசித்துக்கொண்டே அவள் வரவேற்பறைக்கு நடந்தாள். கதவின் தாழ் வாரக்கணக்காகத் தளர்ந்து கிடந்தது. பாங் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாரே தவிர செய்யவில்லை. தள்ளியதும் திறந்துகொண்டது.

அலமாரி திறந்து கிடந்தது. இடப்பக்கப் பாட்டில்கள் நுரையோடு நின்றன. வலப்பக்கத்தில் இன்னும் கைபடாதவை, மேலே தண்ணீரும் அடியில் சேறுமாக. நடுவில் பாங், சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ஒவ்வொரு பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒன்று வெள்ளை. அதை ஒளிக்க இடமில்லை, கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

ருய் அருகில் வந்தாள். அலமாரியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள். அவள் பிறந்த ஆண்டு எழுதிய பாட்டில் வலப்பக்கம் நின்றது, அடியில் மூன்று விரல் தடிமனுக்குப் படிவு.

"எத்தன வருஷமா?"

"அது... ஆரம்பத்துலேர்ந்தே," என்றார் பாங். "நம்ம முதலாளிக்காகத்தான். அந்தக் காலத்துல பட்டறை நிக்கணுமே."

"அன்னிக்கு வீட்டுல கேட்டேனே அப்பா. தப்ப என் தலைலயே போட்டுக்கறேன்னு சொல்லிக் கேட்டேனே."

இந்த இடத்தில் ஒரு மனிதன் செய்யக்கூடியது எத்தனையோ இருக்கிறது. அழலாம், காலில் விழலாம், வாயை மூடிக்கொண்டு நிற்கவாவது செய்யலாம். பாங் ஷோயீ கொஞ்சம் யோசித்தார். யோசித்ததில் தனக்குச் சாதகமாக ஒன்று கிடைத்துவிட்டதுபோல அவர் முகம் தெளிந்தது.

"நீ உள்ள என்ன கலந்திருக்குன்னுதான் கேட்ட," என்றார். "ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். அதுல பொய் இல்லியே."

ருய் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்துப்போயிருப்பார். வாடிக்கையாளர்கள் வண்டியேறிப் போன பிறகு, வெள்ளைக் கோட்டைக் கழற்றியபடி அவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தில் ஒரு ஏளனம் இருக்குமே, அதுதான் இருந்தது. அவள் கை நீட்டி, வலப்பக்கத்திலிருந்து தன் ஆண்டு எழுதிய பாட்டிலை எடுத்தாள். அவர் கையிலிருந்த வெள்ளையை வாங்கி அதன் இடத்தில் வைத்துவிட்டு, இதை அவர் கையில் கொடுத்தாள்.

"இதையும் குலுக்கிடுங்க," என்றாள். "ஆளுங்க வர்ற நேரமாச்சு."

அவள் திரும்பி நடந்தாள். ஷாவ்ஷிங் பேருந்து எப்போது என்று குவோவிடம் கேட்பதும், கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்வதும் பாங்குக்குக் கேட்டது. பின்னால் ஓடலாமா என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியதாம். கூடப்போய் அந்த மோவிடம் நடந்ததைச் சொல்லலாம், மகளின் பெயராவது மிஞ்சும் என்று. இதைப் பிற்பாடு அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டார். கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார், சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு நிங்போவிலிருந்து வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது, நுரை அடங்க நேரம் குறைவு.

அவள் கேட்டைத் தாண்டுவதற்குள் அவர் குலுக்கத் தொடங்கியிருந்தார்.